நான்காவது சுற்று

முதலில் கேட்டது ஒரு மூச்சு.

இரண்டாவது சுற்றில், ஒன்பதாவது பார் என்கிற தாளக்கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், யாரோ வாயை லேசாகத் திறந்து காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். தண்ணீருக்குள் முங்கப் போகிறவர் இழுப்பாரே, அந்த மாதிரி. யோகலட்சுமி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாரும் இல்லை. பிற்பகல் இரண்டு மணி. ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடந்தது; காய்ந்த பருத்திமார் பிடுங்கிய நிலத்தின் மேல் வெயில் நெளிந்தது; வேப்பமர நிழலில் ஆடுகள் அசைபோட்டபடி படுத்திருக்க, அவற்றுக்கு நடுவே மாமியார் பாலம்மாள் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கண்ணயர்ந்திருந்தாள்; தூரத்தில் நான்கு வழிச்சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் ஓசை எழுந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

பின்னால் போய் மறுபடி ஓடவிட்டாள். பாதி வேகத்தில். அதே இடத்தில் அதே மூச்சு. பாதி வேகத்தில் அது இன்னும் நீளமாக, நிதானமாக, அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

வேறு எந்தப் பதிவாக இருந்தாலும் அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் வாசிக்கிறவரின் முனகலும் நாற்காலியின் கிறீச்சும் எதிரே உட்கார்ந்து குடிப்பவர்களின் கண்ணாடிக் கிளாஸ் சத்தமும் தாராளமாகக் கேட்கும். இது அப்படிப்பட்ட பதிவு இல்லை. மலையில் மூடிப்போன ஏதோ ஓட்டலிலிருந்து மதுரைக்கு வந்து, அங்கே ஒரு பழைய சாமான் கடையிலிருந்து அவளுடைய கணவன் இசக்கிராஜா லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த டிஜிட்டல் பியானோ இது. அதன் நினைவில், பெயரில்லாமல், ஒரே ஒரு வாசிப்பு மட்டும் மிச்சம் இருந்தது. இந்த மாதிரிப் பெட்டி குரலைப் பதிவதில்லை. அதற்குக் காதே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக இறங்கியது என்கிற மூன்று விஷயங்களைத்தான் அது குறித்து வைக்கும். திரும்ப வாசிக்கச் சொன்னால் அந்த மூன்றை வைத்துத் தானே சத்தத்தை உண்டாக்கும்.

மூச்சுக்கு அதில் இடமே இல்லை.

ஆனாலும் அவள் நோட்டை எடுத்தாள். இசைக்குறிப்பின் ஐந்து கோட்டின் மேல், ஒன்பதாவது பாருக்கு முன்னால், சின்னதாக ஒரு காற்புள்ளி வைத்தாள். சுரத்தை எழுதி எடுக்கிறவள் காதில் விழுந்த எதையும் விடக்கூடாது என்பது அவளே அவளுக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

பதினோரு வருஷமாக அவள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். விளாத்திகுளம், குளத்தூர், எட்டயபுரம், எந்த ஊர்க் கோயில் கொடையாக இருந்தாலும் மேடைக்கு வருகிற பாராட்டு ஒன்றுதான்: "அப்படியே கேசட்டுல கேட்ட மாதிரியே இருக்கு." அந்தப் பாராட்டைக் கேட்டு முதல் ஐந்து வருஷம் பூரித்தாள். அடுத்த மூன்று வருஷம் சிரித்து வைத்தாள். அதற்கப்புறம் ஒரு நாள், கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது, செல்போனில் தற்செயலாக ஒரு பியானோ கேட்டது. ஒரே பாட்டை அந்த ஆள் ஐந்து முறை சுற்றி வந்தார். ஒரு சுற்று போல இன்னொரு சுற்று இல்லை. முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு வட்டம். அடியில் தாளமும் சுருதிக்கட்டும் அப்படியே இருக்க, மேலே ஒவ்வொரு சுற்றிலும் அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசிக்கிறார். கேசட்டில் இல்லாததை. யாரும் இதற்கு முன் கேட்டிராததை. வேன் கோவில்பட்டி வந்து சேர்ந்த பிறகும் யோகலட்சுமி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழிதான் என்று பிறகு தெரிந்துகொண்டாள். பெரிய ஆட்கள் அந்தந்த நிமிஷத்தில் வாசித்ததை, காதால் கேட்டே எழுதி எடுக்க வேண்டும். நான்கு பார் கேள். வாயால் பாடு. பாட வந்தால் கட்டையில் தேடு. கிடைத்தால் எழுது. எழுதியதை அவரோடு சேர்ந்து வாசி. அவர் சத்தம் எது, உன் சத்தம் எது என்று பிரிக்க முடியாமல் போகிறவரைக்கும் வாசி. பாட்டைத் திருட அல்ல. ஏன் இங்கே நின்றார், ஏன் அங்கே பிந்தினார், ஏன் அந்தத் தப்பான சுரத்தைத் தொட்டுவிட்டு வழுக்கினார் என்று அவருடைய புத்தி போன தடத்தைப் பிடிக்க. மூன்று வருஷத்தில் நான்கு நோட்டு நிரம்பியது.

இப்போது சென்னையில் ஓர் இசைக் கல்லூரி, ஒரு வருஷப் படிப்பு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள். நீங்களே எழுதி எடுத்த ஒரு வாசிப்பு, மனப்பாடமாக. அது முடிந்ததும், நிறுத்தாமல், உங்களுடைய சொந்த வாசிப்பு இரண்டு சுற்று. கேசட்டில் இல்லாத யோகலட்சுமியை, வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரோ கேட்கிறேன் என்கிறார்கள்.

"போயிட்டு வா ஏட்டி. ஒரு வருசந்தான?" என்றான் இசக்கிராஜா. மணியாச்சியில் ரயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை அவனுக்கு. "நானும் எங்கம்மையும் பொங்கித் தின்னுக்கிடுதோம்."

"நீ பொங்குனத நான் திங்கணுமாக்கும்? ஆட்டுக்குப் போடு, அதுவும் திங்காது," என்றாள் பாலம்மாள். பிறகு மருமகளைப் பார்த்து, "நீ போயிட்டு வா தாயி. அவன் சும்மா பேசுதான், நாலு நாள்ல அழுவான்," என்றாள்.

எல்லாரும் எழுதி எடுத்துவிட்ட பெரிய ஆட்களை விட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்த பெயர் தெரியாத ஆளை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வீம்புதான். இவரை உலகத்தில் வேறு யாரும் எழுதி எடுத்திருக்க முடியாது. மூன்று சுற்று, தொண்ணூற்றாறு பார். இடது கை எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி வரும். வலது கை தப்பான சுரத்தில் காலை வைத்துவிட்டு, முள் குத்தியது போலச் சட்டென்று பக்கத்துக்கு நகரும்.

செவ்வாய்க்கிழமை அவள் ஒரு தப்பு செய்தாள். எழுதி எடுக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

அந்தப் பியானோவில் ஒரு வாசிப்பின் மேல் இன்னொரு வாசிப்பைச் சேர்த்துப் பதியலாம். தன்னுடையது அவருடையதிலிருந்து எங்கே விலகுகிறது என்று சரிபார்க்க, அவள் அவருடைய பதிவின் மேலேயே தன்னுடையதைப் பதிந்தாள். காலையிலிருந்து பதினான்கு தடவை. மூச்சு வரும் இடத்தில் தானும் மூச்சை இழுத்தாள். பாடும்போது அதையும் பாடத்தானே வேண்டும். பதினான்காவது தடவை ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டபோது, இரண்டு பேர் வாசிப்பதாகவே தெரியவில்லை. ஒரே ஆள். யோகலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தொண்ணூற்றாறாவது பார் முடிந்தது. சின்னத் திரையில் எண் தொண்ணூற்றேழு ஆனது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. எண் நூறு ஆனது, நூற்றிரண்டு ஆனது, வெறும் அமைதி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தலாம் என்று கையை நீட்டினாள்.

பியானோ வாசித்தது.

இருபத்து மூன்றாவது பாரில் அவள் அன்று காலை செய்த பிழை அது. நான்காவது விரல் வலுவில்லாமல் சறுக்கி, பக்கத்துக் கட்டையைச் சேர்த்து அமுக்கிய பிழை. அதை அவள் எப்போதோ அழித்து, மேலே திரும்பப் பதிந்துவிட்டாள். இப்போது அது தனியாகக் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது, கொஞ்சம் மெதுவாக. நின்றது. மறுபடி. சறுக்கல் சரியாக விழவில்லை என்று யாரோ திருப்தியில்லாமல் இருப்பது போல, இன்னும் மெதுவாக.

அவளுக்கு இந்தச் சத்தம் தெரியும். மூன்று வருஷமாக இந்த அறையில் கேட்பது இதுதான். ஒருவர் நான்கு பார் கேட்டு, கட்டையில் தேடி, கிடைக்காமல், திரும்பப் போய்த் தேடுகிற சத்தம்.

"ஏட்டி யோகா!" வெளியிலிருந்து பாலம்மாள் கத்தினாள். "ஒரே எடத்தையே எத்தன மட்டம் வாசிப்ப? ஆடெல்லாம் எந்திரிச்சுப் போயிரும் போலுக்கு!"

யோகலட்சுமி சுவிட்சை அணைத்தாள்.

புதன்கிழமை காலையிலேயே கயத்தாற்றுக்குப் போனாள். குழுவில் பாடுகிற சுதாராணியிடம் செல்போன் ஸ்டாண்டு ஒன்று இருந்தது, வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். பஸ் நெரிசலில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களின் பேச்சுக்கும் பூ வாசனைக்கும் நடுவே நிற்கும்போது நேற்று நடந்தது கரைந்து சின்னதாகிவிட்டது. பழைய பெட்டி. நினைவு குழம்பியிருக்கும். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது பாலம்மாள் கிடாய்க்குட்டி ஒன்றின் காலைப் பிடித்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் குழப்பம்.

"நீ எப்பட்டி வெளிய போன? இப்பந்தான உள்ள வாசிச்சுக்கிட்டு இருந்த?"

"நான் காலைலயே கயத்தாறு போயிட்டேனே அத்தை."

"ஏட்டி போ. எங்காது என்ன அவிஞ்சா போச்சு? காலம்பறயிலருந்து வாசிக்க. நின்னு நின்னு, பள்ளிக்கூடத்துப் பிள்ள எழுத்துக்கூட்டிப் படிச்ச மாதிரி. போகப்போக நல்லா வந்துட்டு."

அறைக்கதவு கரிசல் மண் சுருங்கிச் சட்டம் இழுத்துக்கொண்டதால் எப்போதும் இடுப்பால் இடித்தால்தான் திறக்கும். திறந்தாள். பியானோவில் பச்சை விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டுத்தான் போனாள். அணைத்தாளா? அணைத்தாள்.

பதிவு ஏழு சுற்றாக வளர்ந்திருந்தது.

உட்கார்ந்து கேட்டாள். நான்காவது சுற்று முழுக்க அவள்தான். காலையில் விரலை இளக்க அவள் வாசிக்கும் ஏறுவரிசைகள். கொடைப் பாட்டு ஒன்றின் இடையிசை. எதையோ யோசிக்கும்போது வலது கை சும்மா தட்டும் மூன்று சுரம். எதையும் அவள் பதிந்ததில்லை. ஆறாவது சுற்றின் நடுவில் எட்டே எட்டு சுரம் வந்தது. அவள் பதிவை நிறுத்தினாள்.

கல்யாணமான முதல் மாதத்தில் அவள் உண்டாக்கியது அந்த எட்டு சுரம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனைச் சாப்பிடக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு நாள் கீபோர்டில் தட்டினாள். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று அவன் எழுந்து வந்தான். ஒன்பது வருஷமாகத் தினமும் அதேதான் அழைப்பு. வேறு யாருக்கும் தெரியாது, யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை.

கையை வைத்து அதை வாசிக்கப் பார்த்தாள்.

முதல் சுரம் வந்தது. இரண்டாவது வந்தது. விரல் நின்றுவிட்டது. சரி, பாடிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தாள். பிடுங்கிய பல்லின் குழியை நாக்கு தேடுவது போல மனசு தேடியது. அந்த இடம் காலியாக இருந்தது. வழவழவென்று, சுத்தமாக, துடைத்துவிட்டது போல.

அன்று மாலை அவள் பியானோ அறைப்பக்கமே போகவில்லை. விளக்கு வைக்கிற நேரம். அடுப்பில் குழம்பு கொதித்தது. இசக்கிராஜா முற்றத்தில் ஈரத்தலையோடு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு வாயால் கூப்பிட்டால் என்ன கேட்பான், என்ன சொல்வது என்று அகப்பையால் குழம்பைக் கிண்டியபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து எட்டு சுரம் கேட்டது.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இசக்கிராஜா எழுந்து வந்தான். அடுக்களை வாசலில் அகப்பையோடு நின்ற மனைவியைப் பார்த்தான். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"பதிஞ்சு ஓடவிட்டுருக்கியா?"

"இல்ல."

"பின்ன யாரு வாசிக்கா?"

மறுபடி கேட்டது. இடது கை ஒரு மயிரிழை பிந்தி. கடைசிச் சுரம் தப்பான இடத்தில் பட்டு, வழுக்கி, சரியான இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. இருவரும் அசையாமல் நின்றார்கள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து, தீ சீறியது. யோகலட்சுமி அடுப்பை அணைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

இசக்கிராஜா உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தான். "நாளைக்கு மொத வேல, தூக்கிக் கொண்டுபோய்க் கம்மாயில போட்டுருவோம்," என்றான்.

"கம்மாயில தண்ணி ஏது?"

"அப்பம் கெணத்துல போடுவோம்." வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான். வரவில்லை. "யோகா, வேண்டாம்ட்டி. நான் சொல்லுதேன் கேளு. அது என்ன எழவோ, நம்ம வீட்டுல வேண்டாம்."

"எங்கயும் போடக்கூடாது," என்றாள் யோகலட்சுமி. அவளுடைய குரலின் உறுதி அவளுக்கே புதிதாக இருந்தது. "என்னோடது அதுக்குள்ள இருக்கு. உங்களக் கூப்புடுதது அதுக்குள்ள இருக்கு. அத எடுக்காம நான் விடமாட்டேன்."

"எப்படி எடுப்ப?"

"எப்படி எடுக்கணும்னு எனக்குத் தெரியும். மூணு வருசமா அந்த ஒரு வேலையத்தான பார்க்கேன்."

வியாழக்கிழமை முழுவதும் பார்த்தாள். புது நோட்டு ஒன்றைப் பிரித்தாள். மேலே, இதுவரை பெரிய ஆட்களின் பெயரை எழுதிய இடத்தில், தன் பெயரை எழுதினாள். நான்கு பார் கேட்டாள். பாடினாள். கட்டையில் தேடினாள். எழுதினாள்.

தன்னையே எழுதி எடுப்பது விசித்திரமாக இருந்தது. பாதி வேகத்தில் கேட்கும்போது அவள் தனக்கே யாரோ போலத் தெரிந்தாள். இந்தப் பெண் உயரத்துக்குப் போகுமுன் தயங்குகிறாள். ஆனால் போய்விட்டால் இறங்க மாட்டேன் என்கிறாள். கொடை மேடையில் நாதஸ்வரக்காரர்களிடம் கேட்டது எங்கோ ஒட்டிக்கொண்டு, இரண்டு சுரத்துக்கு நடுவே இழைகிறது. நல்லாத்தான் வாசிக்கிறாள் இவள் என்று யோகலட்சுமி நினைத்தாள். பதினோரு வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாததை அவளே கேட்டுக் கண்டுபிடித்தாள். பயத்துக்கு நடுவே அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

எட்டு சுரம் பிற்பகலில் கிடைத்தது. சாயங்காலம் சத்தமாக வாசித்தாள். இசக்கிராஜா முற்றத்திலிருந்து தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தான். கட்டையின் மேல் அவள் விரல் இருப்பதைப் பார்த்த பிறகுதான், "வந்துட்டேன்," என்றான்.

சாப்பிடும்போது சொன்னான். "கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

"தெரியும்," என்றாள். வாசிக்கும்போது அவளுடைய இடது கையும் பிந்தியிருந்தது. "அது கையில இருந்து பிடுங்குனதுல்லா. கொஞ்சம் அழுக்கு ஒட்டத்தான் செய்யும். கழுவிக்கிடுவேன்."

ஏழு சுற்றும் நோட்டுக்கு வந்துவிட்டன. அப்போதே பதிவை அழித்திருக்கலாம். ஆனால் அவருடைய மூன்று சுற்றும் அதில்தான் இருந்தன. அழித்தால் தன் மனப்பாடத்திலிருந்தும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. நாளை மூன்று மணி வரைக்கும் இரு என்று பெட்டியிடம் மனசுக்குள் சொன்னாள். அப்புறம் நீ கிடையாது.

படுத்த பிறகு ஒன்றை யோசித்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். அது எடுத்ததெல்லாம் அவள் ஏற்கெனவே வாசித்தவை. கேட்டால்தான் எழுதி எடுக்க முடியும். இன்னும் வாசிக்காததை எடுக்க எவனாலும் முடியாது. சொந்தமாக வாசிக்க வேண்டிய இரண்டு சுற்றை அவள் பழகிப் பார்க்கவே இல்லை. மனசில்கூட.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. ஸ்டாண்டில் செல்போன். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த அம்மா, "பதட்டப்படாம வாசிங்க," என்றார்.

அவருடைய மூன்று சுற்றை வாசித்தாள். ஒரு சுரம் பிசகவில்லை. இரண்டாவது சுற்றில், ஒன்பதாவது பாருக்கு முன்னால் மூச்சை இழுத்தாள். அவளுக்குப் பக்கத்திலும் யாரோ இழுத்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறாவது பார் முடிந்தது. இனி அவளுடையது.

முதல் சுரத்தை எங்கே வைப்பது என்றே தெரியாமல் கையை இறக்கினாள். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்தது கிடைத்தது. எங்கே மேலே போவாள் என்று அது எதிர்பார்த்திருக்குமோ அங்கே கீழே போனாள். எங்கே தயங்குவாளோ அங்கே குதித்தாள். பிந்திக்கொண்டே வந்த இடது கையைப் பிடரியில் ஒன்று வைத்துத் தாளத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். வலுவில்லாத நான்காவது விரல் சறுக்கியபோது, சறுக்கட்டும் என்று அதையே நான்கு தடவை சறுக்கவிட்டு ஓர் ஆட்டமாக்கினாள். கொடைக் கொட்டு உள்ளே வந்தது. ரயில் வந்தது. கரிசலில் முதல் மழை விழும்போது எழுகிற மண்வாடை வந்தது. பயம் எங்கேயோ பின்தங்கிவிட்டது. எடு பார்க்கலாம், எடு பார்க்கலாம் என்று விரல்கள் ஓடின.

முடித்தபோது முதுகு முழுக்க நனைந்திருந்தது.

திரையில் மூன்று பேரும் எதையோ குறித்துக்கொண்டார்கள். பிறகு நரைத்த அம்மா சொன்னார்: "மூணு சுற்று வரைக்கும் யாரோ வாசிச்சாங்க. ரொம்ப நல்ல கை. அதுக்கப்புறம் நீங்க வாசிச்சீங்க. எங்களுக்கு வேண்டியது அதுதான். ஜூலை முதல் வாரம் வந்துருங்க."

கதவுக்கு வெளியே ஆட்டுக்குப் போடும் தழையைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருந்த பாலம்மாள் கேட்டாள்: "கெலிச்சிட்டியாட்டி?"

"கெலிச்சிட்டேன் அத்தை!"

"அப்பம் நான் ஆட்டப் போய்ப் பார்க்கேன். இம்புட்டு நேரமா அதுகளக் கத்தவிடாமப் பிடிச்சு வச்சது நானு. எனக்கும் ஒரு பங்கு இருக்கு, பார்த்துக்கோ."

சிரித்துக்கொண்டே யோகலட்சுமி பியானோவின் அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். உறுதியா என்று திரை கேட்டது. "உறுதிதான்லே," என்று சத்தமாகவே சொல்லி அழுத்தினாள். ஏழு சுற்றும் போயின. திரையில் சைபர். சுவிட்சை அணைத்தாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தாள். தூசித்துணியை எடுக்கத் திரும்பினாள்.

கண்ணோரத்தில் ஏதோ அசைந்தது.

ஒரு வெள்ளைக் கட்டை இறங்கியிருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க மேலே எழுந்தது. அடுத்தது இறங்கியது. எழுந்தது. சத்தம் இல்லை. மின்சாரம் இல்லை. கட்டைகளைத் தானாக அசைக்க இந்தப் பெட்டிக்குள் ஒரு பொறியும் இல்லை. மரம் மரத்தில் படுகிற மெல்லிய தட் மட்டும். தட். தட் தட்.

அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. சற்று முன் வாசித்த தன்னுடைய முதல் நான்கு பார். ஐந்தாவதில் நின்றது. திரும்பப் போனது. மறுபடி முதலிலிருந்து.

ஓடவில்லை அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்னோடது," என்றாள். "தரமாட்டேன்."

இரண்டு கையையும் வைத்தாள். சத்தமில்லாமலே வாசித்தாள். புதிதாக. அவள் மனசுக்குள் மட்டும் கேட்டது. நான்கு பார் தள்ளி, மேல்கட்டைகளில், அது பின்னாலேயே இறங்கிக்கொண்டு வந்தது. வேகம் கூட்டினாள். புதுசு. இன்னும் புதுசு. ஒன்றைத் திரும்பத் தொடவில்லை. நிறுத்தினால் அது கற்று முடித்துவிடும். நிறுத்தக்கூடாது.

இரண்டு பார் தள்ளி வந்தது.

ஒரு பார்.

வெளியே இசக்கிராஜாவின் பைக் சத்தம். "எம்மா, என்ன ஆச்சு? கெலிச்சிட்டாளா?" பாலம்மாள் ஏதோ சொல்கிறாள். அவன் சிரிக்கிறான்.

ஒரு தாளத்தட்டு தள்ளி.

இப்போது அவள் விரலோடு சேர்ந்தே இறங்கியது. அவள் விரல் பட்ட அதே நொடியில், அதே கட்டைக்கு ஒரு ஸ்தாயி மேலே.

யோகலட்சுமி சட்டென்று இரண்டு கையையும் உயரத் தூக்கினாள். அந்தரத்தில் நிறுத்தினாள். அடுத்து எதைத் தொடலாம் என்று நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான்.

அந்தக் கட்டை இறங்கியது.

வேறொன்றை நினைத்தாள். அது இறங்கியது. அதை விட்டு இன்னொன்று. அதுவும் இறங்கியது.

"யோகா! ஏட்டி, எங்க இருக்க?" அவன் குரல் அடுக்களை தாண்டி வந்துகொண்டிருந்தது.

ஒன்றும் நினைக்கக்கூடாது. பல்லைக் கடித்தாள். கண்ணை இறுக மூடினாள். ஒன்றும் இல்லை. கறுப்பு. வெறும் கறுப்பு. எழுந்து போ. இப்போதே எழுந்து போ.

கண்ணைத் திறந்தாள்.

அவள் நினைக்காத ஒரு கட்டை இறங்கி, எழாமல், காத்திருந்தது.

அந்தரத்தில் நின்ற அவளுடைய கை, அவள் நினைக்காமலே, மெதுவாக இறங்கி, அதன் மேல் விரலை வைத்தது.